பத்துக்கு நாலு

— நாலு.

— அவசரப்படாம சொல்லுங்க டீச்சர். வலியே இல்லைன்னா பூஜ்யம். இதுக்கு மேல ஒரு வலி இருக்கவே முடியாதுன்னா பத்து. இந்த நிமிஷம் எவ்வளவு?

— கேள்வி முதல் தடவையே புரிஞ்சுது சிஸ்டர். விடை நாலு. எழுதிக்கோம்மா.

— போன வாரமும் நாலு தான் சொன்னீங்க. அதுக்கு முந்தி மூணு.

— அப்போ மூணு, அப்புறம் நாலு. இதுல குழப்பம் எங்க இருக்கு?

— குழப்பம் உங்க கையில இருக்கு டீச்சர். நாலுங்கிற வலிக்கு யாரும் கட்டில் கம்பிய இப்படிப் பிடிக்க மாட்டாங்க. விரலெல்லாம் வெளுத்துக் கிடக்கு.

— சும்மா இருக்கிற கை எதையாவது பிடிக்கும்.

— நெத்தில வேர்வை?

— ஜன்னல் மூடியிருக்கு.

— ஜன்னல் திறந்து தான் இருக்கு டீச்சர். ஐயா, நீங்களாவது சொல்லுங்க. கூடவே இருக்கிறவர் நீங்க தானே.

— நான் என்னத்தச் சொல்றது சிஸ்டர்? அவ நாலுன்னா அது நாலு தான். சாவி தொலைஞ்சு போச்சு, வந்து திறந்து குடுங்கன்னு என் பூட்டுக் கடைக்கு வர்றவங்கள்ல எவன் வீட்டுக்காரன், எவன் திருடன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன். இவ வாயில கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு பொய் வந்து நான் பாத்ததில்ல.

— அத ஏன் வாசப்படில நின்னுக்கிட்டு சொல்றீங்க? உள்ள வாங்கய்யா. நான் இவங்க முதுகப் பாக்கணும். இப்படிக் கட்டில் ஓரமா உக்காந்து கொஞ்சம் தாங்கிப் பிடிச்சீங்கன்னா...

— வேண்டாம்! அவர் அங்கயே நிக்கட்டும். இல்ல, நிக்கவும் வேண்டாம். போய் சிஸ்டருக்கு டீ போடுங்க. போங்கன்னா போங்க, ஏன் மரம் மாதிரி நிக்கிறீங்க?

— பாத்தீங்களா சிஸ்டர்? இது தான் நம்ம நிலைமை. டீ போடறேன்.

*

— அந்த ஸ்டூல்ல உக்காருங்க சிஸ்டர். நான் உக்காந்தா அது தாங்காது, நீங்க உக்காரலாம். சக்கரை போதுமா?

— டீ நல்லாத்தான் இருக்கு. உங்க முகம் தான் நல்லா இல்ல. அவங்க நாலுன்னு சொன்னதும் ஒரு பெருமூச்சு விட்டீங்களே, அது என் காதுல விழுந்துச்சு.

— விழுந்துடுச்சா? சரி, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. அவ நாலுன்னா எனக்குப் போன உசுரு திரும்பி வருது. ஆறு, ஏழுன்னு சொல்லிட்டா நீங்க அந்த மருந்தக் கூட்டிடுவீங்க.

— மார்ஃபின்னு பேரச் சொல்லுங்க. அது ஒண்ணும் கடிக்காது.

— சொல்ல நாக்கு வரல. எதிர் வீட்டுக்காரருக்கும் இதையே தான் குடுத்தாங்க. அடுத்த வாரமே ஆளத் தூக்கிட்டுப் போனாங்க.

— அவருக்கு எப்போ ஆரம்பிச்சாங்க?

— எல்லாம் கைவிட்டதுக்கு அப்புறம். கடைசில.

— கடைசில குடுத்தா அது கடைசி மருந்தா தான் தெரியும். குடை எடுத்துட்டுப் போனதால தான் மழை வந்துச்சுன்னு சொல்ற கதையா இருக்கு. எங்ககிட்ட மாசக்கணக்கா, ஏன், வருஷக்கணக்கா கூட இத சாப்பிட்டுக்கிட்டு கடைக்குப் போய் வியாபாரம் பண்றவங்க இருக்காங்க. வலிக்கு ஏத்த அளவு, பாத்துப் பாத்துக் கூட்டினா அது ஆளக் கொல்லாது ஐயா. ஆளத் தின்னுக்கிட்டு இருக்கிறது வலி.

— கொல்லாதுன்னே வைங்க. தூங்க வச்சிடும்ல?

— முதல் ரெண்டு மூணு நாள் அசத்தும். அப்புறம் தெளிஞ்சுடுவாங்க. பாவம், தூங்கினா நல்லது தானே?

— அவளுக்கு நல்லது. எனக்கு? அவ என்மேல ஏதோ கோவமா இருக்கா சிஸ்டர். என்ன கோவம்னு தெரியாமலே அவளத் தூங்க விட்டுட்டா, அப்புறம் நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?

— கோவமா? உங்க மேலயா?

— இப்போ நீங்களே பாத்தீங்களே! முன்னாடியெல்லாம் கடைய மூடிட்டு வந்ததும் நேரா போய் அந்தக் கட்டில்ல உக்காருவேன். அன்னைக்கு வந்தவன் போனவன் கதையெல்லாம் சொல்வேன். அவ சிரிக்க மாட்டா. ஆனா "அப்புறம்?"னு கேப்பா. அந்த ஒரு வார்த்தைக்காகவே பாதிக் கதைய நானே கட்டி விடுவேன். இப்போ ரெண்டு மாசமா உள்ள கால் வச்சாலே எரிஞ்சு விழுறா. எண்ணெய் நாத்தம்னா, குளிச்சுட்டுப் போனேன். சத்தமா பேசறேன்னா, வாய மூடிக்கிட்டுப் போனேன். அதுக்கும் திட்டு. என் படுக்கையே இப்போ ஹால்ல தான்.

— என்ன விஷயம்னு நேராவே கேட்டுட வேண்டியது தானே?

— கேக்காம இருப்பேனா? "ஒண்ணுமில்ல, போங்க"ங்கிறா. அவ ஒண்ணுமில்லன்னா நிறைய இருக்குன்னு அர்த்தம்.

— பொய்யே சொல்ல மாட்டாங்கன்னு இப்போ தானே சொன்னீங்க?

— அது பொய் இல்ல சிஸ்டர். அது சம்சாரம்.

— நல்லா இருக்கு உங்க நியாயம். சரி, மருந்துப் பெட்டிய எடுங்க, பாப்போம். ஐயோ, என்னய்யா இது? மூணு பூட்டா?

— பூட்டி வைக்கணும்னு நீங்க தானே சொன்னீங்க? வேற யாரு கையிலயும் சிக்கக் கூடாதுன்னு.

— சொன்னேன். ஒரு பூட்டு போதும். இதென்ன கஜானாவா? ராத்திரி அவங்களுக்குத் திடீர்னு வலி எடுத்தா, இந்த மூணையும் திறக்கிறதுக்குள்ள விடிஞ்சுடுமே!

— முதல் ரெண்டும் சட்டுனு திறந்துடும். மூணாவது நானே செஞ்சது. அதுக்கு எனக்கே கொஞ்சம் நேரம் ஆகும்.

— ஆகட்டும், திறங்க... இன்னுமா?... அப்பாடா. ஆமா, இதென்ன, இத்தனை மாத்திரை மிச்சம் இருக்கு? இருக்கக் கூடாதே ஐயா.

— அது வந்து... ராத்திரி மாத்திரைய சில நாள் விட்டுட்டேன். தூங்குறவள எழுப்பி விஷத்தக் குடுக்கிற மாதிரி இருந்துச்சு.

— தூங்குறாங்கன்னு ஹால்ல படுத்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சத்தம் ஒண்ணும் வரலையே.

— டீச்சர் சத்தம் போடற ஆளா?

— இல்ல சிஸ்டர். பல்லக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கிறவ.

— ஐயா, நான் உங்கள குத்தம் சொல்ல வரல. பயத்துல எல்லாரும் இதத் தான் பண்றாங்க. ஆனா இத மணி பாத்துக் குடுக்கணும். வலி வந்தப்புறம் துரத்திக்கிட்டு ஓடினா பிடிக்க முடியாது. வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல ஆள் நிறுத்தணும். என்ன, டீ ஆறுது, குடிங்க.

— குடிக்கிறேன். உங்க டாக்டர்கிட்ட இப்போ என்ன சொல்லப் போறீங்க?

— அதான் யோசனை. நாடி ஒரு கதை சொல்லுது, வாய் ஒரு கதை சொல்லுது. திரும்பவும் நாலுன்னு சொன்னா அவர் இருக்கிற அளவே இருக்கட்டும்னு சொல்லிடுவார்.

— தாராளமா சொல்லுங்க. இவளப் பத்தி அவனுக்குத் தெரியாததா? இவகிட்ட கணக்கு படிச்ச பையன் தானே. இவகிட்ட ஏழு வாங்கினவன்!

— எதுக்கு ஏழு?

— பத்துக்கு. அன்னைக்கு அவன் அப்பா பேப்பரத் தூக்கிக்கிட்டுத் தெரு முழுக்கக் காட்டினாரு. பின்ன? இவகிட்ட ஏழுன்னா சும்மாவா?

— கொஞ்சம் பொறுங்க. பத்துக்கு ஏழு தான் அதிகமா?

— அதுவும் ஒரே ஒரு தடவை. நல்லாப் படிக்கிற பிள்ளைங்களுக்கு அஞ்சு. எல்லாக் கணக்கும் சரியா இருந்து, கோடு கோணலா இருந்தா நாலு. பெத்தவங்க சண்டைக்கு வருவாங்க. ஹெட்மாஸ்டர் கெஞ்சுவாரு. ம்ஹும், அசைய மாட்டா. சிஸ்டர்? ஏன் இப்படிப் பாக்கறீங்க?

— ஐயா, எல்லாக் கணக்கும் சரின்னா நாலு. அப்படித் தானே?

— ஆமா. ஏன்?... ஐயையோ!

— டீய அங்க வைங்க. வாங்க என்கூட.

*

— திரும்பவும் ரெண்டு பேரா வர்றீங்களே, என்ன விசேஷம்? நீங்க வாசல்லயே நில்லுங்க.

— அவர் வாசல்ல தான் நிக்கிறார் டீச்சர். நான் ஒரு கேள்வி கேக்கலாமா? பத்துக்குப் பத்து நீங்க யாருக்காவது போட்டிருக்கீங்களா?

— இல்ல.

— ஏன்?

— பரீட்சை இன்னும் முடியலையே. விடைத்தாள் கட்டுல முதல் பேப்பருக்கே முழு மார்க் போட்டுட்டா, அதவிட நல்லா எழுதினவன் அடியில இருந்தா அவனுக்கு என்ன போடறது? மேல இடம் விட்டு வைக்கணும். அது தான் முறை.

— வலிக்கும் அதே முறை தானா?

— எதுவா இருந்தாலும் முறை ஒண்ணு தான். இன்னைக்கே எட்டு, ஒன்பதுன்னு அள்ளிப் போட்டுட்டு நாளைக்கு இதவிடப் பெருசா ஒண்ணு வந்து நின்னா, நான் எங்க போவேன்? அதோட, மார்க் அள்ளிப் போட்டா பசங்களுக்குத் திமிர் வரும். வலிக்கும் வரும்.

— அடேங்கப்பா! வலியக் கூட பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சிருக்கீங்க. சரி, வலிக்கு அதிகபட்சம் எவ்வளவு போடறதா இருந்தீங்க?

— அஞ்சு.

— அப்போ நாலுன்னா, உச்சிக்கு ஒரு படி கீழ.

— ... கணக்கு சரி தான்.

— ஐயோ டீச்சர்! உங்க நாலு வேற, எங்க நாலு வேற. நீங்க சொல்ற நாலக் கேட்டு நாங்க "பரவாயில்ல, சமாளிக்கிறாங்க"ன்னு கொஞ்சூண்டு மருந்தக் குடுத்துட்டுப் போயிட்டிருக்கோம். ரெண்டு பேரு ரெண்டு ஸ்கேல வச்சு ஒரே மேஜைய அளந்தா என்ன ஆகும்?

— அளவே தப்பாப் போகும்.

— போயிடுச்சு. ரெண்டு மாசமா.

— அப்போ தப்பு கேள்வில இருக்கு. அளவு பொதுவா இல்லாத கேள்விய யார் கேட்டாலும் விடைக்கு மதிப்பு இல்ல. என் பேப்பரா இருந்தா கேள்வியவே அடிச்சிருப்பேன்.

— அடிச்சிடுங்க. இந்தாங்க, நானும் அடிச்சிட்டேன். மார்க்கே வேணாம். வலி வந்தப்புறம் எதெல்லாம் செய்ய முடியாமப் போச்சு? அத மட்டும் சொல்லுங்க.

— ... இடது பக்கமா திரும்பிப் படுக்க முடியாது. பாத்ரூம்ல உக்காந்தா எந்திரிக்கிறதுக்குள்ள கண்ணு இருட்டும். தும்மல் வந்தா அடக்கிப்பேன், தும்மினா முதுகு ரெண்டா விட்டுப் போகும். தினம் மனசுக்குள்ள ஒரு கணக்கு போட்டுப் பாப்பேன், மூளைக்குத் துரு ஏறக் கூடாதுன்னு. இப்போ பாதி வழில விட்டுப் போயிடுது. எங்க இருந்து ஆரம்பிச்சேன்னே தெரியல. தூக்கம் வந்து... அத விடு.

— ஏன் டீச்சரம்மா, இதெல்லாம் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— உங்ககிட்ட சொன்னா நீங்க அழுவீங்க.

— இப்போ மட்டும் என்ன பண்றேனாம்?

— அதான் தெரியுதே. மூக்கச் சிந்துங்க முதல்ல.

— டீச்சர், மருந்தக் கூட்டச் சொல்லி இப்போவே டாக்டருக்குப் போன் போடப் போறேன். உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?

— ரெண்டு கேள்வி. ஒண்ணு, இந்த வயசுல எனக்குப் புதுசா ஒரு கெட்ட பழக்கம் வேணாம். இதுக்கு அடிமையாயிடுவேனா?

— வலிக்காக, டாக்டர் சொன்ன அளவுல எடுக்கிறவங்களுக்கு அந்த பயம் ரொம்பக் குறைவு. உடம்பு மருந்துக்குப் பழகும், அது வேற. நிறுத்தணும்னா ஒரேயடியா நிறுத்தாம மெதுவாக் குறைப்போம். அவ்வளவு தான்.

— ரெண்டாவது. இப்போவே கூட்டிட்டா, பின்னாடி பெரிய வலி வரும்போது எதக் கூட்டுவீங்க?

— அதையே கூட்டுவோம். இது அடி தட்டித் தீந்து போற டப்பா இல்ல டீச்சர். வலி ஏறினா மருந்தும் கூட ஏறும். நாளைக்குன்னு சேத்து வச்சு இன்னைக்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்ல. மலச்சிக்கல் மட்டும் விடாது, அதுக்குத் தனியா தினமும் மருந்து உண்டு. வயித்தப் புரட்டினா அதுக்கும் தர்றேன்.

— ம். விடை முழுசா இருக்கு. போன் பண்ணு.

*

— டாக்டர், நான் தான். நம்ம கணக்கு டீச்சர் வீட்ல இருந்து... ஆமா, இன்னைக்கும் நாலு தான்... இல்ல டாக்டர், ஒரு நிமிஷம் கேளுங்க. உங்களுக்கு அவங்க ஏழு போட்டாங்களாமே?... ஆமாமா, அப்பா தெரு முழுக்கக் காட்டினது வரைக்கும் கேட்டாச்சு. சிரிக்காதீங்க. இப்போ அவங்க வலிக்கு நாலு போடறாங்க... ஹலோ? டாக்டர்? இருக்கீங்களா?... ஆமா. அதே தான். அத்தனை நாளும்... சரி, நீங்களும் நானும் அப்புறமா தலையில அடிச்சுக்கலாம். மூச்சு நல்லா இருக்கு, மயக்கம் இல்ல, ஒண்ணுக்கு ஒழுங்காப் போறாங்க. ராத்திரி மாத்திரை பாதி உள்ள போகல, அதையும் கணக்குல எடுத்துக்குங்க... சரி... சரி, இப்போவே ஒரு அளவு, அப்புறம் மணி தவறாம. எழுதிக்கிட்டேன். நான் கொஞ்ச நேரம் இருந்து பாத்துட்டே கிளம்பறேன்.

— என்ன சொன்னான் அந்தப் பையன்?

— "டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்க"ன்னார்.

— அவன் எதுக்குக் கேக்கணும்? பதட்டப்பட்டா கோடு கோணலாப் போடுவான், எப்பவும் அப்படித் தான். மருந்தக் குடு.

— இந்தாங்க. மெதுவா... தண்ணி குடிங்க. அரை மணி, முக்கால் மணில பிடிக்க ஆரம்பிக்கும். ஐயா, அந்த மூணாவது பூட்டு இன்னைக்கே ஓய்வு பெறுது, சொல்லிட்டேன்.

— உருக்கி வேற செஞ்சுடறேன் சிஸ்டர்.

*

— சிஸ்டர்! சிஸ்டர், ஓடி வாங்க! என்னமோ சத்தம் வருது அவகிட்ட இருந்து!

— வந்துட்டேன், கத்தாதீங்க... ஐயா.

— என்ன? என்னாச்சு? சொல்லுங்க!

— குறட்டை.

— என்னது?

— குறட்டைய்யா. உங்க சம்சாரம் குறட்டை விடறாங்க. இருங்க, எதுக்கும் ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துடறேன். டீச்சர்... டீச்சர்!

— ம்... யாரது பின்னாடி பேசறது... வெளிய நிறுத்திடுவேன்...

— பாத்தீங்களா? கூப்பிட்டா முழிக்கிறாங்க, பதில் சொல்றாங்க, திரும்பத் தூங்கறாங்க. மூச்சு சீரா இருக்கு. இது மயக்கம் இல்ல. இத்தனை நாளா பாக்கி விழுந்த தூக்கம்.

— கடவுளே! அவ குறட்டை விட்டு எத்தனை நாளாச்சு சிஸ்டர்! முன்னாடியெல்லாம் இந்தச் சத்தத்துல தூக்கம் கெடுதுன்னு சண்டை போடுவேன். இப்போ கேக்கக் கேக்க நாதஸ்வரம் மாதிரி இருக்கு.

— கேளுங்க, நல்லாக் கேளுங்க. நெஞ்சு ஏறி இறங்குறதப் பாத்துக்கிட்டே இருங்க. மூச்சு ரொம்ப மெதுவானாலோ, கூப்பிட்டும் முழிக்கலைன்னாலோ உடனே எனக்கு ஒரு குரல் குடுங்க. வாசல்ல இருந்து பாத்தா தெரியாது, கிட்டப் போய்ப் பாருங்க.

— கிட்டயா? முழிச்சா திட்டுவாளே!

— திட்டட்டும். திட்டினா மூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தம். நான் ஹால்ல தான் இருக்கேன்.

*

— ஐயா, நான் கிளம்பறேன். எல்லாம் நல்லா இருக்கு. அடுத்த வேளைய மறக்காதீங்க, தூங்கினாலும் எழுப்பிக் குடுங்க. எந்த நேரமா இருந்தாலும் போன் பண்ணுங்க.

— இருங்க சிஸ்டர், வாசல் வரைக்கும் வர்றேன்.

— வேணாம், வேணாம். நீங்க அப்படியே கட்டில்லயே உக்காந்திருங்க.

— கட்டில்லயா? ஐயையோ! நான் எப்போ உக்காந்தேன்?

— நான் எட்டிப் பாக்கறப்பவே உக்காந்திருந்தீங்க. நல்லா சாஞ்சு, காலையும் தூக்கி மேல வச்சுக்கிட்டு.

— மூச்ச எண்ணிக்கிட்டே இருந்தேன், பழக்க தோஷத்துல... இப்போ என்ன சிஸ்டர் பண்றது? எந்திரிச்சா கட்டில் ஆடும், முழிச்சுப்பா. உக்காந்திருந்தாலும் முழிச்சதும் பாத்துடுவா. இருதலைக் கொள்ளி எறும்பாப் போச்சே என் பொழப்பு!

— எறும்பு இந்த சைஸ்ல நான் பாத்ததில்ல. உக்காருங்க, நான் கதவச் சாத்திட்டுப் போறேன்.

— சிஸ்டர்... சிஸ்டர்! போயிட்டாங்களே. சரி. மூச்ச விடாதடா மனசே... அவ மூச்சு விட்டாப் போதும்.

— ... மணி என்ன?

— முழிச்சுட்டியா? சாயங்காலம் ஆயிடுச்சும்மா. இதோ, எந்திரிச்சுடறேன். திட்டாத, தெரியாம உக்காந்துட்டேன். மூச்சப் பாக்கச் சொன்னாங்க, அதான். நான் ஹாலுக்குப் போறேன்...

— இருங்க. எங்க உக்காந்திருக்கீங்க?

— கட்டில்ல தான். கோவிச்சுக்காத.

— எவ்வளவு நேரமா?

— நீ தூங்கினதுல இருந்து. ரொம்ப நேரமாச்சு போல. உனக்கு என்மேல என்ன கோவம்னு இன்னைக்காவது சொல்லிடு டீச்சரம்மா. எதுவா இருந்தாலும் கேட்டுக்கிறேன்.

— கோவமா? உங்க மேல எனக்கு என்ன கோவம்?

— பின்ன ஏன் ரெண்டு மாசமா கட்டில் பக்கமே அண்ட விடல?

— நீங்க வந்து உக்காந்தா மெத்தை ஒரு பக்கமா அமுங்கும். அமுங்கினா என் முதுகெலும்ப யாரோ பிடிச்சு முறுக்கற மாதிரி இருக்கும். ஆசையா கதை சொல்ல வர்ற மனுஷன்கிட்ட, உங்க கனம் தான் என்னக் கொல்லுதுன்னு சொல்லச் சொல்றீங்களா? திட்டினா ஹாலுக்குப் போவீங்க. அதச் சொல்லியிருந்தா செத்தே போயிருப்பீங்க.

— ... அப்போ இப்பவும் வலிக்குதா? எந்திரிச்சுடவா?

— எந்திரிக்காதீங்க. நீங்க உக்காந்ததே எனக்குத் தெரியல.